மேற்பகுதி மடிந்திருந்த கடிதம்

ஜனவரி 8, 2019, செவ்வாய்

இன்று வகுப்பில் எங்கள் ஆசிரியை பெரித் ஆளுக்கொரு நீலக் கொப்பி தந்தார். ஒவ்வொரு நாளும் நொஷ்க்கில் மூன்று வசனம் எழுத வேண்டுமாம். நொஷ்க் என்றுதான் இங்குள்ள தமிழர் எல்லோரும் நோர்வே மொழியைச் சொல்கிறார்கள். நீலக் கொப்பியில் எழுதிவிட்டேன்: "நான் துஷ்யந்தி. என் கணவர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வெளியே இருட்டு." மூன்று வசனத்துக்குள் அடங்காதவற்றை எழுத இந்தப் பழுப்புக் கொப்பியைக் கடையில் வாங்கினேன்.

வவுனியாவில் ஒன்பது வருடம் சமூகக்கல்வி படிப்பித்தவள் நான். இங்கே மூன்று மாதமாக "இது கதிரை, அது மேசை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரலில் வாசிப்புத் தேர்வு. அதில் சித்தியடைந்தால் பாலர் பாடசாலையில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

என் கணவர் பகீரதன் இந்த மொழியைத் தண்ணீர் போலக் கதைக்கிறார். இருபத்திரண்டு வருடமாயிற்று இந்த நாட்டுக்கு வந்து. கடையில் அவர் ஏதாவது சொன்னால் காசாளர் பெண் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறாள். ஆனால் வீட்டுப்பாடத்தில் ஒரு சொல் கேட்டால் மட்டும் களைப்பு, இல்லாவிட்டால் கண்ணாடியைக் காணவில்லை.

ஜனவரி 11, வெள்ளி

கடிதம் ஒன்று வந்தது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு அலுமாரிக்கு மேலிருக்கும் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டார்.

"என்ன கடிதமப்பா?"

"சும்மா விளம்பரம்."

விளம்பரம் நிறம் நிறமாக வரும். இது வெள்ளை உறை, பெயர் தெரியச் சிறு கண்ணாடித் தாள் வைத்தது. விளம்பரத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? கணவாய்க் கறிக்குத் தேங்காய்ப்பால் ரின்னை உடைத்தேன்.

ஜனவரி 15, செவ்வாய்

இந்த மொழியில் "கல்யாணமானவர்" என்பதற்கும் "நஞ்சு" என்பதற்கும் ஒரே சொல். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜனவரி 21, திங்கள்

இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு சூரியன் வந்தது. மலைக்கு மேலே கால்மணித்தியாலம், ஒரு தேசிக்காய்ப் பாதி அளவு. அதைக் கொண்டாட வகுப்பில் இனிப்பு பணிஸ் தந்தார்கள்.

பின்னேரம் சறோ அக்கா வீட்டுக்குப் போனேன். தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறவர், இந்த ஊருக்கு முதலில் வந்த தமிழ்ப் பெண்களில் ஒருவர். கல்யாணத்துக்கு முன் நான் பகீரதனுக்கு ஏழு கடிதம் கையால் எழுதி அனுப்பியதையும், பதிலுக்கு ஒரு வரிகூட எழுதாமல் அவர் குரல் பதிவு மட்டும் அனுப்பியதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எழுத்தில குடுக்காத ஆம்பிளை பிடி குடுக்காத ஆம்பிளை. கவனமா இரு பிள்ளை."

பகிடிக்குத்தான் சொன்னார். வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பெப்ரவரி 4, திங்கள்

படுக்கை விரிப்புகள் தோய்த்தேன். அவர் வேலையால் வரும்போது பெரிய மீன் ஒன்று கொண்டுவந்தார். சளி இன்னும் விடவில்லை, இருமிக்கொண்டே வெட்டினார். வேறொன்றும் நடக்கவில்லை.

பெப்ரவரி 13, புதன்

மாதிரித் தேர்வு. கேட்டலில் நல்ல புள்ளி. வாசிப்பில் இருபத்தைந்துக்கு ஒன்பது.

பெரித் என்னைப் பக்கத்தில் இருத்தி விடைத்தாளைப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு சொல்லாக, நமக்கு விளங்கும்படி கதைப்பார். "உனக்குச் சொற்கள் தெரியும், துஷ்யந்தி. ஆனால் நீ வாசித்து முடிக்கும் முன்பே முடிவெடுத்துவிடுகிறாய். தெரிந்த நாலு சொல்லைப் பொறுக்கி ஒரு கதை கட்டுகிறாய். பிறகு அந்தக் கதைக்குப் பொருந்தும் விடையைத் தேடுகிறாய்."

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நானே சொன்ன புத்திமதி. காது சூடாகிவிட்டது.

பெப்ரவரி 22, வெள்ளி

அவர் படுத்த பிறகு அரை இருட்டில் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

அவருடைய குளிர் அங்கியை முன்னால் இழுத்துப் பூட்டும் சிப்பு கழன்றிருந்தது. தைக்கலாமென்று எடுத்தேன். உட்பையில் மூன்றாய் மடித்த கடிதம். அவர் குளியலறையில். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதியை மட்டும் விரித்தேன், கைபேசியில் ஒரு படம் எடுத்தேன், தண்ணீர் நின்றது. அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

குசினியில் இருந்து அகராதியோடு வாசித்தேன். எனக்கு விளங்கியது இவ்வளவு:

"ஹெய் பகீரதன்! பெப்ரவரி 4 ... மணித்தியாலத்துக்கு ... நீ சந்திக்கவில்லை. உன்னிடமிருந்து ... நாங்கள் ஏங்குகிறோம். நீ தொடர்புகொள்வது முக்கியம். நட்பான வாழ்த்துகளுடன், இங்கபோர்க்."

ஏங்குகிறோம். அந்தச் சொல் "ஸாவ்னெர்". அகராதியில் இரண்டு தரம் பார்த்தேன். பிரிவால் வாடுதல், ஏங்குதல். வேறு எப்படி அர்த்தம் எடுப்பது? "நாங்கள்" என்று ஏன் போட்டாள் என்றுதான் தெரியவில்லை. பெரிய இடத்துப் பெண்ணாக்கும்.

பெப்ரவரி 4 என்ன நடந்ததென்று இந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். மீன் கொண்டுவந்தார் என்று எழுதியிருக்கிறேன். ஆக, அன்று அவளிடம் போகவில்லை. அதற்குத்தான் அவள் கோபிக்கிறாள்.

குளித்துவிட்டு வந்து, "சிப்பைத் தைச்சிட்டீரே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பெப்ரவரி 23, சனி

கடையில் சீஸ் பெட்டியை என் கையில் தந்து, "இதில என்ன போட்டிருக்கு, வாசியும் பாப்பம்" என்றார். எனக்குப் பயிற்சியாம். ஒவ்வொரு கிழமையும் இப்படித்தான், ஏதோ என் படிப்பில் அக்கறை உள்ளவர் போல. தேத்தண்ணிக் கடையில் பட்டியலைத் திறக்காமலே, "இண்டைக்கு என்ன நல்லது?" என்று பரிமாறும் பெண்ணிடம் சிரித்துக் கேட்டார். அவளும் சிரித்தாள். எல்லாப் பெண்களோடும் இந்தச் சிரிப்புத்தான்.

நான் ஒருவரையும் ஏமாற்றவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 26, செவ்வாய்

தொழிற்சாலையில் இங்கபோர்க் என்று யாரும் உண்டா என்று சறோ அக்காவிடம் சாடைமாடையாகக் கேட்டேன்.

"பொதி பண்ணுற பகுதியில ஒருத்தி இருக்கிறா. வாற வருசம் பென்சன். ஏன் கேக்கிறாய்?"

"சும்மா. பேர் வடிவாயிருக்கு."

"இந்த ஊரில ரெண்டாவது வீட்டுக்கு ஒரு இங்கபோர்க் இருப்பாள்" என்று அக்கா சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

மார்ச் 1, வெள்ளி

இன்று ஒரு பொறி வைத்தேன். கடிதத்திலிருந்த அந்த வசனத்தை என் பாடக் கொப்பியில், பஸ் நேரம், காலநிலை பற்றிய வசனங்களுக்கு நடுவில் எழுதினேன். சாப்பிட்ட பிறகு அவர் முன்னால் வைத்தேன்.

"இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ. எனக்கு உச்சரிப்பு வருகுதில்லை."

"கண்ணாடி..."

கண்ணாடியைத் தயாராக வைத்திருந்தேன். நீட்டினேன். போட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தையே கவனித்தேன். அந்த வசனத்தில் கண் பட்டதும் ஏதாவது மாறும் என்று காத்திருந்தேன். கண்கள் வரியில் நகரவே இல்லை. ஒரே இடத்தில் நின்றன. நெற்றி வியர்த்தது. மார்ச் மாதக் குளிரில்!

"இப்ப ஏன் என்னைச் சோதிக்கிறீர்?" என்று கொப்பியைத் தள்ளினார். இதுவரை என்னோடு அந்தக் குரலில் கதைத்ததில்லை. கையுறைகூடப் போடாமல் வெளியே போய்விட்டார். படியில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

குற்றமுள்ள நெஞ்சு. வேறென்ன?

மார்ச் 5, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, கைபேசிப் படத்தை பெரித்திடம் காட்டினேன். "இது என் சிநேகிதியின் புருசனுக்கு வந்தது. காதல் கடிதமா என்று அவள் கேட்கிறாள்" என்று சொன்னேன். இரண்டு நாள் பாடமாக்கிய வசனம்.

பெரித் வாசித்தார். சிரிக்கவில்லை. "மேற்பகுதி எங்கே?"

"மடிந்திருந்தது."

"எந்தக் கடிதத்திலும் முதலில் பார்க்க வேண்டியது அதுதானே. யார் எழுதுகிறார், எங்கிருந்து." பேனையை எடுத்து மணித்தியாலம் என்ற சொல்லைத் தொட்டார். "இங்கே இது மணித்தியாலம் இல்லை. வைத்தியரிடம் குறித்துத் தந்த நேரம். 'நீ சந்திக்கவில்லை' என்றால் அந்த நேரத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். 'ஸாவ்னெர்' தனியே நின்றால் ஏக்கம்தான். பக்கத்தில் 'பதில்' என்ற சொல் இருக்கிறது, நீ அதை விட்டுவிட்டாய். உன் பதில் இன்னும் கிடைக்கவில்லை என்கிறார்கள்."

"ஹெய் என்று பேர் சொல்லி எழுதியிருக்கே?"

"என் பல் வைத்தியரும் எனக்கு அப்படித்தான் எழுதுவார்." பெரித் கைபேசியைத் திருப்பித் தந்தார். "உன் சிநேகிதியிடம் சொல். இன்றைக்கே மேற்பகுதியைப் பார்க்கட்டும்."

பனியில் இரண்டு தரம் வழுக்கி விழுந்து வீட்டுக்கு வந்தேன். கதிரையில் ஏறி பிஸ்கற் ரின்னை இறக்கினேன். நாற்பத்தொரு கடிதம். பெரும்பாலானவை திறக்கவே படாதவை. உறைகளைக் கிழித்து மேசையில் பரப்பி, மேற்பகுதியை மட்டும் பார்த்துப் பிரித்தேன். தண்ணீர்ச் சபை. வாசிகசாலை. உண்மையிலேயே விளம்பரங்கள் சில. துரொம்சோவிலுள்ள ஆஸ்பத்திரியின் நுரையீரல் பிரிவிலிருந்து மூன்று: நவம்பர், டிசம்பர், ஜனவரி. அவருடைய அங்கிப் பையில் நாலாவது.

மூன்றரைக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றப் போனவர் மேசையைக் கண்டு அப்படியே நின்றார்.

"இதெல்லாம் என்னப்பா?" என்றேன்.

"விளம்பரம் எண்டு சொன்னனே."

"ஆஸ்பத்திரி ஆருக்கு விளம்பரம் போடுது?"

அவர் என்னைப் பார்த்தார். "எந்த ஆஸ்பத்திரி?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது நடிப்பு இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது.

சப்பாத்தோடு கதிரையில் இருந்தார். பனி உருகி நிலத்தில் ஓடியது.

"எனக்கு வாசிக்கத் தெரியாது, துஷி. நாலாம் வகுப்போட சண்டை துவங்கிட்டுது. பிறகு ஒவ்வொரு ஊரா இடம்பெயர்ந்தது. பதினாறு வயசில இஞ்ச வரேக்க ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டில பத்தொன்பது எண்டு போட்டவன். அதால பள்ளிக்கூடம் இல்லை, நேரா மீன் வெட்டப் போனன். பாஷை காதால வந்தது. எழுத்து வரேல்ல. தமிழே எழுத்துக்கூட்டித்தான்."

"இவ்வளவு காலமும் எப்பிடி?"

"நீர் வர முந்தி என்னோட குலேந்திரன் அண்ணை இருந்தவரெல்லே. அவர்தான் எல்லாம் வாசிச்சுச் சொல்லுவார். அவர் ரொறன்ரோவுக்குப் போனாப் பிறகு..." ரின்னைப் பார்த்தார். "அந்த ஒண்டை ஆரிட்டையாவது குடுத்துக் கேப்பம் எண்டு ரெண்டு கிழமையாப் பையில கொண்டு திரியிறன். வேலையில ஆரிட்டைக் கேக்கிறது? நான் புதுசா வாற பொடியளுக்கு மொழிபெயர்க்கிற ஆள்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே!"

"நீர் ரீச்சர்" என்றார்.

மார்ச் 6, புதன்

அவர் தொலைபேசியில் கதைத்தார். நான் பக்கத்திலிருந்து கடிதத்திலுள்ள இலக்கங்களை வாசித்துக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் இங்கபோர்க்கின் குரல் கேட்டது. தடிமன் பிடித்த, களைத்த குரல். புரட்டாதியில் தொழிற்சாலையில் நடந்த உடற்பரிசோதனையில் இடது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்ததாம், மறுபடி படமெடுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவர்களிடமிருந்தது அவருடைய பழைய தொலைபேசி இலக்கம். 14ஆம் திகதி வரச் சொன்னாள்.

அந்தக் கடிதம் பதினொரு நாள் என் கைபேசியில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சொல்லை.

மார்ச் 9, சனி

ஒரு விசயத்தை இந்தக் கொப்பியில் இதுவரை எழுதவில்லை.

நான் அனுப்பிய ஏழு கடிதத்தில் ஆறும் சாதாரணமானவை. பள்ளிக்கூடம், மழை, அம்மாவின் முழங்கால். ஏழாவதில்தான் எழுதினேன்: இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒருவரோடு நிச்சயமாகியிருந்தது. 2009 சித்திரையில் முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்தில் அவர் காணாமற்போனார். இருக்கிறாரா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய படத்தை என்னால் எறிய முடியாது. "உங்களுக்கு இது பிடிக்காவிட்டால் கல்யாணத்தை நிறுத்திவிடுங்கள். பிடித்தால் இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள்."

அவர் கேட்கவில்லை. அந்த மௌனத்தை நம்பித்தான் விமானம் ஏறினேன். படம் என் பெட்டியில் சேலைகளுக்குக் கீழே இருக்கிறது.

இப்போது தெரிகிறது, என் கடிதங்களையும் குலேந்திரன் அண்ணைதான் வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பகுதியை வாசித்தாரா? பொடியனுக்கு வந்த சம்பந்தம் குழம்பக்கூடாதென்று தாண்டிப் போனாரா? இவர் பெருந்தன்மையால் பேசாமல் இருந்தாரா, ஒன்றுமே தெரியாமல் இருந்தாரா?

மார்ச் 14, வியாழன்

துரொம்சோ. படமெடுத்தார்கள், ஊசியால் தசை எடுத்தார்கள். எல்லாப் பலகைகளையும் நான் வாசிக்க, எல்லாரோடும் அவர் கதைத்தார். இருவருமாகச் சேர்ந்து ஒரு முழு ஆள்.

மார்ச் 17, ஞாயிறு

குலேந்திரன் அண்ணையின் ரொறன்ரோ இலக்கத்தை அழுத்தினேன். மணி அடிக்க முன் வெட்டிவிட்டேன். இந்த நிலையில் இருக்கும் மனுசனை உளவு பார்க்கிறேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

புற்றுநோய்தான். புரட்டாதியில் ஒன்பது மில்லிமீற்றர், இப்போது பதினேழு. வைத்தியர் இளம்பெண். "முதல் அழைப்புக்கே வந்திருந்தால் நல்லது" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "இப்போதும் பிந்திவிடவில்லை" என்றாள். 24ஆம் திகதி இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுப்பார்கள்.

வாசிப்புத் தேர்வும் இன்றுதான். போகவில்லை.

ஏப்ரல் 24, புதன்

நாலு மணித்தியாலம். சுவரிலிருந்த அறிவித்தல்கள் எல்லாவற்றையும் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

முடிந்தது. கண் விழித்தார்.

மே 3, வெள்ளி

வெள்ளை உறை. முதலில் மேற்பகுதியைப் பார்த்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்து, தமிழில் சொன்னேன். வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. நிணநீர்க் கணுக்களில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். நட்பான வாழ்த்துகளுடன், இங்கபோர்க்.

"இன்னொருக்கா வாசியும்" என்றார். வாசித்தேன்.

மே 5, ஞாயிறு

மூச்சுப் பயிற்சிக்காகத் துறைமுகம் வரைக்கும் நடந்தோம். இருபது அடிக்கு ஒருதரம் நின்றார். அங்கிருந்த மர வாங்கில் அமர்ந்து கடலைப் பார்த்தோம். அவருக்கு மூச்சு ஆறும் வரை பொறுத்திருந்தேன். பொறுத்ததாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்குப் பயம்.

"என்ர கடிதம் எல்லாம் குலேந்திரன் அண்ணையே வாசிச்சவர்?"

"ஓம்." விரல்களை மடித்து எண்ணி, "ஆறு" என்றார்.

"ஏழெல்லோ எழுதினனான்?"

"கடைசியில ரெண்டு வரி வாசிச்சுப்போட்டு அண்ணை நிப்பாட்டிப்போட்டார். 'இது எனக்கு எழுதினதில்லையடா, உனக்கு எழுதினது. நீயே வாசி' எண்டு மடிச்சுக் கையில தந்திட்டார்."

"பிறகு?"

"வாசிச்சன்."

"நீங்களோ?"

"வேலை முடிய ஒவ்வொரு நாளும் நாலைஞ்சு சொல். மூண்டு கிழமை எடுத்தது." கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் முழுசா வாசிச்ச கடிதம் அது ஒண்டுதான்."

நம்ப வேண்டும் என்றுதான் விரும்பினேன். முடியவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ? அண்ணை வாய்மொழியாகச் சொன்னதை இப்போது தான் வாசித்ததாகச் சொல்கிறாரோ? ஒன்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்ட வாய், கேட்டுவிட்டது.

"அதில ஒரு பேர் எழுதியிருந்தனான். என்ன பேர்?"

அவர் கோபிக்கவில்லை. கண்ணை மூடினார். அந்தத் தாளை மனதில் விரித்து எழுத்து எழுத்தாகப் பார்ப்பவர் போல உதடு அசைந்தது.

"கெ... ள... ரி... தாசன்" என்றார். "கெளரிதாசன் மாதிரி ஒரு பேர். அப்பிடி ஒரு பேர் நான் முந்திக் கேள்விப்படேல்ல."

கௌரிதாசன். காணாமற்போனவரின் தாய் அவரைக் கௌரி என்றுதான் கூப்பிடுவா. உலகத்தில் யாரும் அவரைக் கெ-ள-ரி என்று கூப்பிட்டதில்லை. வாசிக்கத் தெரிந்த எவரும் அந்த முதல் எழுத்தை ஒரே எழுத்தாகத்தான் வாசிப்பார்கள். குலேந்திரன் அண்ணை வாசித்துக் காட்டியிருந்தால் சரியான பெயரே இவர் காதில் விழுந்திருக்கும். தாளும் தானுமாகத் தனியே இருந்து, கொம்பை ஒரு பக்கமும் ளகரத்தை ஒரு பக்கமும் பிரித்து, ஒருவரிடமும் கேட்க முடியாமல் கூட்டிக் கூட்டி வாசித்த ஒருவருக்கு மட்டும்தான் அந்தப் பெயர் இப்படி வரும்.

"சரிதானே?" என்று கேட்டார்.

"சரி" என்றேன்.

நான் திருத்தவில்லை.